இரண்டு சீற், மூன்று விமானிகள்: நெடுந்தூரப் பறப்பு நேரத்தை லொக்புக்கில் எழுதுவது எப்படி

நான் கல்லடிக்காரன். வளைகுடாவில் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட்டாக இருக்கிறேன். முதல் மூன்று வருடம் நெடுந்தூரப் பறப்புகளில் பெரும்பாலும், மற்ற இருவரும் மாறி மாறி ஓய்வெடுக்கும்போது அவர்கள் இடத்தில் அமர்கிற மூன்றாம் விமானியாகத்தான் போனேன், போன ஒவ்வொரு முறையும் முழுப் பறப்பு நேரத்தையும் என் லொக்புக்கில், அதாவது என் சொந்தப் பறப்புப் பதிவேட்டில், எழுதிக்கொண்டேன், அது பிழை என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விமான நிறுவனத்தில் கப்டனாவதற்கு வேண்டிய ஏ.ரி.பி.எல். உரிமத்துக்கு விண்ணப்பித்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார். கப்டனுக்கு 11 மணி 20 நிமிடம், கோ-பைலட்டுக்கும் அதே, உங்களுக்கும் அதே, விமானத்தில் இருப்பது இரண்டு சீற், மூன்று பேரும் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

விண்ணப்பம் திரும்பி வந்தது. வருடாந்த விடுமுறையில் ஊருக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய கடமை அட்டவணைகளான ரோஸ்டர்களைப் பரப்பி, 19 நாள் இருந்து எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து வணிக விமானி உரிமமான சி.பி.எல். முடித்துவிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகிற தம்பி தங்கச்சிமார் இப்போது என்னிடம் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். நம் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த விமானிகள் அதிகம் இல்லை. அதனால் படிப்படியாக எழுதி வைக்கிறேன்.

1. எந்த நாட்டு விதி உங்களுக்கு என்று முதலில் பாருங்கள்

லொக்புக் உங்கள் உரிமத்துக்கானது. உரிமத்தை எந்த நாடு தந்ததோ அந்த நாட்டின் விதிப்படிதான் அதை எழுத வேண்டும். இலங்கை உரிமம் என்றால் கட்டுநாயக்கவில் இருக்கிற சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதி. அது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் இணைப்பு 1ஐ அடியொற்றியது. வேலை செய்யும் நாட்டு உரிமத்துக்கு மாறப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டு விதியையும் இன்றே எடுத்துப் படியுங்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் விமானி விஷயத்தில் ஐரோப்பிய விதி தெளிவாக இருக்கிறது: பயண நடுவில் மாற்றுக்கு அமர்கிற துணை விமானி, விமானி சீற்றில் இருந்த நேரத்தைத்தான் கோ-பைலட் நேரமாக எழுதலாம். அமெரிக்க விதியும் இரண்டாம் விமானி நேரத்துக்கு விமானிக்குரிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டு விதி இதைவிடத் தாராளமாக இருந்தாலும் சீற்றில் இருந்த நேரத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிறகு நாடு மாறினால் அந்த எண் மட்டும்தான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

2. நான்கு நேரங்களையும் அன்றே எடுத்துவிடுங்கள்

ஒவ்வொரு பறப்புக்கும் நான்கு நேரம் உண்டு. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் அசைந்த நேரம், ஓடுபாதையை விட்டு எழுந்த நேரம், தரை தொட்ட நேரம், போய் நின்ற நேரம். ஆங்கிலத்தில் அவுட், ஓஃப், ஒன், இன் என்போம். விமானம் பறக்கும் நோக்கத்தோடு முதலில் அசைந்ததிலிருந்து பயணம் முடிந்து நிற்கும் வரை உள்ளதுதான் பறப்பு நேரம், அதாவது அவுட்டிலிருந்து இன் வரை. இதைத்தான் பிளாக் நேரம் என்கிறோம்.

இங்கே முதல் பொறி இருக்கிறது. விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டில் எழுந்ததிலிருந்து தரை தொட்டது வரை உள்ள நேரமும் இருக்கும், புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். ஒரு பறப்புக்கு அரை மணி நேரம் குறையும். வருடக்கணக்கில் அது நூறு மணி நேரத்தைக்கூடத் தொடலாம்.

இன்னொன்று. கொக்பிட் பிரிண்டரில் வரும் துண்டுத் தாளை அப்படியே கோப்பில் வைத்து நம்பாதீர்கள். அது வெப்பத்தாள். நான் முதல் வருடத் தாள்களை ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்திருந்தேன். திறந்து பார்த்தபோது பாதி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன, சிலவற்றில் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மட்டும் மங்கலாக ஒரு 7 தெரிந்தது, ஒரு 2 தெரிந்தது. தாள் வந்தவுடன் ஃபோனில் படம் எடுத்து விடுங்கள், படத்தின் பெயரில் திகதியையும் பறப்பு இலக்கத்தையும் போடுங்கள்.

3. நேரமும் திகதியும் யூ.ரி.சி.யில்

ரோஸ்டரில் உள்ளூர் நேரம் இருக்கலாம். லொக்புக்கில் யூ.ரி.சி., அதாவது உலகப் பொது நேரத்தை எழுதுங்கள். இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் திகதி மாறுவதை மறந்துவிடுகிறோம். கொழும்பில் 12ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 00:20க்கு அசைந்த விமானம் யூ.ரி.சி.யில் 11ஆம் திகதி 18:50க்கு அசைந்தது. லொக்புக்கில் போக வேண்டியது 11ஆம் திகதி. என் பழைய பக்கங்களில் இந்தப் பிழை 40க்கு மேல் இருந்தது. சரிபார்க்கிறவர் நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிடும்போது அந்தத் திகதியில் அப்படி ஒரு பறப்பே இருக்காது.

4. சீற்றில் இருந்த நேரத்தைக் கணக்கிடுங்கள்

இதுதான் முக்கியமான படி. கொழும்பிலிருந்து லண்டனுக்கு மூன்று விமானிகளோடு ஒரு பறப்பை வைத்துக்கொள்வோம். நேரங்களைக் கணக்கு விளங்குவதற்காக நானே போடுகிறேன், எல்லாம் யூ.ரி.சி.

அவுட் 07:30, ஓஃப் 07:50, ஒன் 18:40, இன் 18:50. பிளாக் நேரம் 11:20.

எழுந்து அரை மணி நேரம் கழித்து, 08:20க்கு ஓய்வு தொடங்குகிறது. இறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன், 17:35க்கு எல்லாரும் திரும்பி வந்தாக வேண்டும். இடையில் 9:15. மூன்றால் பிரித்தால் ஆளுக்கு 3:05 ஓய்வு.

மூன்றாம் விமானி முதலில் படுக்கப் போகிறார், 08:20 முதல் 11:25 வரை. அடுத்து கோ-பைலட், 11:25 முதல் 14:30 வரை. கடைசியாகக் கப்டன், 14:30 முதல் 17:35 வரை. மூன்றாம் விமானி 11:25க்குக் கோ-பைலட்டின் இடத்தில் அமர்கிறார், 14:30க்குக் கப்டனின் வேலைக்கு மாற்றாக இருக்கிறார், 17:35க்கு எழுந்து, கொக்பிட்டில் பின்னால் இருக்கும் கூடுதல் இருக்கையான ஜம்ப் சீற்றுக்குப் போகிறார். அவர் விமானி சீற்றில் இருந்தது 6:10. கோ-பைலட் 11:20இல் 3:05 போக 8:15. கப்டனும் 8:15.

மூன்றாம் விமானி லொக்புக்கில் எழுத வேண்டியது 6:10. ஏறும்போதும் இறங்கும்போதும் ஜம்ப் சீற்றில் பெல்ட் போட்டு, காதில் ஹெட்செற்றோடு, ரேடியோவைக் கேட்டு உதவியாக இருந்தோமே என்று மனம் சொல்லும். எனக்கும் சொன்னது. ஆனால் ஜம்ப் சீற் விமானி சீற் இல்லை.

சரி, கணக்கு பிழைக்கவில்லை என்று எப்படி அறிவது? இதை எனக்குக் காட்டித் தந்தவர் அப்பா. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர், விமானத்தில் ஏறியதில்லை. நான் மேசையில் மாரடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எத்தனை சீற் என்று கேட்டார். இரண்டு என்றேன். அப்படியென்றால் எல்லாருடைய சீற் நேரத்தையும் கூட்டு, பிளாக் நேரத்தின் இரட்டிப்பு வர வேணும் மகன், வராட்டி யாரோ கூட எழுதியிருக்கிறீங்கள் என்றார். 8:15உம் 8:15உம் 6:10உம் சேர்ந்தால் 22:40. 11:20இன் இரட்டிப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு பறப்புக்கும் இந்தக் கூட்டலை நான் செய்யாமல் விட்டதில்லை.

நான்கு விமானிகள் என்றால் இன்னும் எளிது, ஏனென்றால் இரண்டிரண்டு பேராக மாறுவார்கள். பிளாக் நேரம் 16:10, மாற்று இணை சீற்றில் 7:15 இருந்தது என்றால் மற்ற இணைக்கு 8:55. இரண்டையும் கூட்டினால் 16:10.

ஓய்வு நேரம் திட்டமிட்டபடி எப்போதும் நடக்காது. காற்றில் விமானம் குலுங்கினால், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், மாறும். அதனால் காகிதத்தில் போட்ட பங்கை எழுதாமல், எழுந்து போன நேரத்தையும் வந்து அமர்ந்த நேரத்தையும் பறப்புத் திட்டத் தாளின் ஓரத்தில் பேனையால் குறியுங்கள்.

5. யார் எந்த நிரலில் எழுதுவது

ஒரு பறப்புக்கு ஒரே ஒரு பி.ஐ.சி.தான், அதாவது அந்தப் பறப்புக்குப் பொறுப்பான விமானி, அவரை நிறுவனம் புறப்படும் முன்பே நியமித்துவிடும். அவர் படுக்கையில் இருந்தாலும் பொறுப்பு அவருடையது. ஐரோப்பிய விதியில் அவர் பறப்பை நடத்தும் வேலையைத் தகுதியான இன்னொரு விமானியிடம் ஒப்படைக்கலாம், ஆனால் பி.ஐ.சி. அவரே. ஆகவே மேலே சொன்ன பறப்பில் கப்டன் 11:20ஐயும் பி.ஐ.சி. நிரலில் எழுதலாம். அவர் தூங்கும்போது கப்டனுக்குரிய இடது சீற்றில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்காக உங்களுக்குப் பி.ஐ.சி. நேரம் வராது. இரண்டாவது கப்டன் ஒருவர் மாற்று இணையில் வந்தாலும் அவர் அந்தப் பறப்பின் பி.ஐ.சி. இல்லை.

கோ-பைலட் நிரலில் 8:15, மூன்றாம் விமானிக்கு அதே நிரலில் 6:10. பி.ஐ.சி. பெயர் எழுதும் இடத்தில் கப்டனின் பெயர். குறிப்பு நிரலில் 'மூன்று விமானி, பிளாக் 11:20, ஓய்வு 08:20–11:25' என்று ஒரு வரி எழுதி விடுங்கள். கட்டாயம் இல்லை, ஆனால் சரிபார்க்கிறவருக்குக் கேள்வியே வராது.

மேற்பார்வையின் கீழ் பி.ஐ.சி. நேரம், அதாவது கப்டன் பார்த்திருக்க கோ-பைலட் பி.ஐ.சி.யின் கடமைகளைச் செய்த நேரம், தனிக் கதை, இதை ஆறுதலாக வாசியுங்கள். சர்வதேச விதிப்படி ஏ.ரி.பி.எல்.லுக்கு மொத்தம் 1500 மணி நேரம் வேண்டும். அதற்குள் 250 மணி நேரம் பி.ஐ.சி.யாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 70 மணி நேரம் பி.ஐ.சி.யாகவும் மீதி மேற்பார்வையின் கீழ் பி.ஐ.சி.யாகவும் இருக்க வேண்டும், அல்லது 500 மணி நேரம் மேற்பார்வையின் கீழ் பி.ஐ.சி.யாக இருக்க வேண்டும். இரத்மலானையிலோ வேறெங்கோ படித்துவிட்டு 70 மணி நேரத்தோடு நேராக நிறுவனத்துக்குப் போனவருக்கு இன்னும் 180 மணி நேரம் தேவை. அந்த 180 மணி நேரத்துக்கும் பறப்புக்குப் பறப்பு கப்டனின் கையெழுத்து குறிப்பு நிரலில் வேண்டும். அந்தப் பறப்பில் பி.ஐ.சி.யின் எல்லாக் கடமைகளையும் நீங்கள் செய்தீர்கள், பாதுகாப்புக்காக அவர் தலையிட வேண்டி வரவில்லை என்பதற்கான சான்று அது. மூன்று மணி நேரம் படுக்கையில் இருந்துவிட்டு எல்லாக் கடமைகளையும் செய்தேன் என்று சொல்வது வாதத்துக்கு இடம் தரும். ஆகவே இதை இரண்டு விமானிகள் மட்டும் போகிற குறுகிய பறப்புகளில் சேருங்கள். புறப்படும் முன்பே கப்டனிடம் கேளுங்கள், விமானத்தை விட்டு இறங்கும் முன் கையெழுத்தை வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்து அவரைத் தேடினால் வேறு நாட்டில், வேறு நிறுவனத்தில் இருப்பார். எனக்கு ஐந்து பறப்பு அப்படியே போனது.

6. இரவு நேரமும் தரையிறக்கமும்

இரவு என்பது மாலை சிவில் அந்தி முடிந்ததிலிருந்து காலை சிவில் அந்தி தொடங்கும் வரை, சூரியன் அடிவானத்துக்கு 6 பாகைக்குக் கீழே இருக்கும் நேரம். நீங்கள் இருக்கும் இடத்தின் இரவுதான் கணக்கு, புறப்பட்ட ஊரின் இரவு இல்லை. மேற்கே போகும்போது பகல் நீண்டுகொண்டே போகும், கிழக்கே போனால் சுருங்கும். கையால் கணக்கிடுவது கஷ்டம், நல்ல லொக்புக் செயலி பாதையை வைத்துக் கணக்கிட்டுத் தரும். ஆனால் செயலி முழுப் பறப்பின் இரவைத் தரும், உங்களுடையது சீற்றில் இருந்தபோது வந்த இரவு மட்டும். மேலே சொன்ன லண்டன் பறப்பில் 16:20க்கு இருட்டியது என்று வைத்தால் கோ-பைலட்டுக்கு 18:50 வரை 2:30, மூன்றாம் விமானிக்கு 17:35 வரை 1:15. ஏ.ரி.பி.எல்.லுக்கு 100 மணி நேரம் இரவுப் பறப்பு வேண்டும் என்பதால் இதைக் கவனமாக எழுதுங்கள்.

தரையிறக்கத்தை இறக்கியவர் மட்டும் எழுத வேண்டும். கொக்பிட்டில் நான்கு பேர் இருந்தாலும் தரையிறக்கம் ஒன்றுதான். நெடுந்தூரத்தில் ஒரு மாதத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம், 90 நாளுக்குள் மூன்று ஏற்றமும் மூன்று இறக்கமும் இல்லை என்றால் அவற்றுக்காக உங்களை கன்ட்ரோலில் அமர்த்த முடியாது, சிமுலேற்றருக்கு அனுப்புவார்கள். சிமுலேற்றர் நேரத்தைத் தனி நிரலில் எழுதுங்கள், பறப்பு நேரத்தோடு கூட்டாதீர்கள். பயணியாக ஏறி வேலைக்குப் போன பறப்பை எழுதவே கூடாது, சீருடையில் இருந்தாலும்.

7. புள்ளியும் இரட்டைப்புள்ளியும்

8:15 என்பது 8 மணி 15 நிமிடம். தசமத்தில் அது 8.25. கணினித் தாளில் 8.15 என்று தட்டினால் அது 8 மணி 9 நிமிடமாகிவிடும். 8:50ஐ 8.50 என்று தட்டினால் 20 நிமிடம் போய்விடும். ஒரே முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். கையால் எழுதும் புத்தகத்தில் பக்கக் கூட்டு, முன்பக்கத்திலிருந்து வந்தது, மொத்தம் என்று மூன்றையும் பக்கம் முடியும் அன்றே போடுங்கள். பிழைத்தால் ஒரு கோடு மட்டும் கீறி, பக்கத்தில் சரியானதை எழுதி, சிறு ஒப்பம் வையுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள். பூசிய இடத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்டால் விளக்க வழி இல்லை.

8. நிறுவனத்தின் கடிதம்

விண்ணப்பத்தோடு உங்கள் பறப்பு நேரத்தை நிறுவனம் உறுதிப்படுத்தும் கடிதம் கேட்பார்கள். கடமை நேர வரம்புக்காக நிறுவனம் வைத்திருக்கும் கணக்கும் லொக்புக் கணக்கும் வேறு வேறு. ஐரோப்பிய விதியில் ஆண்டுக்கு 900 மணி நேரம் என்ற வரம்புக்கு, நீங்கள் படுக்கையில் இருந்த நேரமும் சேர்த்து முழுப் பறப்பும் எண்ணப்படும். அந்த எண்ணைக் கடிதத்தில் போட்டுத் தந்தால் லொக்புக்கைவிடக் கூடுதலாக இருக்கும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிளாக் நேரத்தையும் சீற் நேரத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வேலையை விடப் போகிறீர்கள் என்றால் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் எல்லா ரோஸ்டரையும் பறப்புப் பதிவையும் இறக்கி வையுங்கள். விலகிய பிறகு கணினிக் கணக்கை மூடிவிடுவார்கள். 2020இல் பலர் வேலை இழந்தபோது இதைத்தான் முதலில் இழந்தார்கள்.

9. செலவும் காலமும்

லொக்புக் எழுதப் பெரிய செலவு இல்லை, திருத்தத்தான் செலவு. எனக்குப் பிரதிகள், சமாதான நீதவானின் சான்று, இரண்டாம் தடவை விண்ணப்பக் கட்டணம், ஊருக்கும் கட்டுநாயக்கவுக்கும் மூன்று பயணம், ஒரு முழு விடுமுறை என்று போனது. கட்டணம் மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரசபையின் அட்டவணையைப் பாருங்கள்.

பறப்பு முடிந்த அன்றே ஹோட்டல் அறையில் எழுதுங்கள், பத்து நிமிடம் போதும். மாத முடிவில் ரோஸ்டரோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பு கடிதத்துக்குக் கேளுங்கள், ஏனென்றால் நிறுவனத்தில் அது பல மேசைகளைக் கடந்து வரும்.

ஊரில் புத்தகத்தை வைக்கிறவர்கள் மாரி காலத்தை நினைவில் வையுங்கள். கார்த்திகை, மார்கழியில் வாவிப் பக்க வீடுகளில் அலுமாரிக்குள்ளும் ஈரம் ஏறும், ஜெல் பேனை மை பரவி அடுத்த பக்கத்தில் ஒட்டும். போல்பொயின்ற் பேனையால் எழுதி, பக்கங்களை மாதாமாதம் படம் எடுத்து, மூலப் புத்தகத்தை மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள்.

மூலப் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். நேரில் கொண்டு போங்கள். மட்டக்களப்பிலிருந்து இரவு ரயில் எடுத்தால் விடியலில் கோட்டை, அங்கிருந்து கட்டுநாயக்கவுக்கு பஸ். பையை மேல் தட்டில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் மேலே விண்ணப்பம், அடுத்து உரிமமும் மருத்துவச் சான்றும், பிறகு நிறுவனக் கடிதம், அதற்குக் கீழே மாதவாரியாக ரோஸ்டர். ஓய்வு நேரம் குறித்த தாள்களைத் தனி உறையில் வையுங்கள், கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். இரண்டாம் முறை என்னிடம் மூன்று பறப்புக்கு அவற்றைக் கேட்டார்கள். கொடுத்தேன், கூட்டிப் பார்த்தார்கள், கோப்பை எடுத்துக்கொண்டார்கள்.